ஆனைமலை அடிவாரத்தில் சால்மன்: கைவிட்ட திட்டமும் அதன்பின் வந்த குட்டைகளும்

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆழியாறு பாசனப் பகுதியில் தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் நிகழ்வு இது. சால்மன் வளர்க்க நினைத்தார்கள், கணக்குப் போட்டுப் பார்த்துக் கைவிட்டார்கள், வேறு மீனுக்கு மாறினார்கள். தண்ணீர், கழிவுநீர்ப் பகுதியை மட்டும் சரிபார்த்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் திருப்பூர்ப் பக்கம் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை பார்த்தவன் நான். குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயரும் அடையாளமும் இல்லாமல் எழுதுகிறேன்.

பின்னணி

மொத்தம் 18 ஏக்கர், எல்லாம் தென்னை. 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் சுருள் வெள்ளை ஈ வந்தது. அதிலிருந்தே காய்ப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வாடல் நோயும் சேர, நூற்றைம்பது மரங்களுக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். மிச்சம் சுமார் 1,100 மரம். பெரியவருக்கு வயது எழுபதை ஒட்டி. மூத்த மகன் கோவையில் வார்ப்பட ஆலை நடத்துகிறார். இளையவர் சில ஆண்டுகள் நார்வேயில் சால்மன் பண்ணைகளுக்கான தானியங்கிக் கருவித் துறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்.

திட்டம் இளையவருடையது. மரம் வெட்டிய இடத்தில் வெப்பத்தடுப்புக் கொட்டகை போட்டு, ஒரே நீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மறுசுழற்சித் தொட்டிகளில் ஆண்டுக்கு 100 டன் அட்லாண்டிக் சால்மன் வளர்ப்பது. கோவை, கொச்சி, பெங்களூர் ஓட்டல்களில் விமானத்தில் வரும் சால்மனுக்கு நல்ல விலை. உள்ளூரில் வளர்த்தால் சரக்குக் கூலியும் இறக்குமதி வரியும் மிச்சம். கேட்கிறவருக்கு ஆசை வரும் திட்டம்தான்.

பெரியவர் மறுக்கவில்லை. நிபந்தனை மட்டும் வைத்தார்: நிலத்தை அடமானம் வைக்கக் கூடாது, கிணறு கெடக் கூடாது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து கேட்கும்படி எதுவும் நடக்கக் கூடாது. முதல் சந்திப்பில் என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க, உள்ள போற தண்ணிக்கு எல்லாரும் கணக்குச் சொல்றீங்க. வெளிய வர்ற தண்ணி எங்க போகுதுங்க?"

அந்தக் கேள்வியையே முதல் கணக்காக எடுத்துக்கொண்டோம்.

நார்வேயில் கடல் செய்யும் வேலை

கணக்குக்கு முன் சால்மன் தொழில் எப்படி நடக்கிறது என்பதை இளையவரே தன் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் விளக்கினார். அவர் எதையும் மறைக்கவில்லை, அது இந்த நிகழ்வில் முக்கியம்.

சால்மன் குஞ்சு முதல் ஓராண்டு போல நன்னீர்த் தொட்டியில் வளர்கிறது. பிறகு கடலில் மிதக்கும் வலைக்கூண்டுக்குப் போகிறது. விற்கும் எடைக்கு வர மொத்தம் இரண்டரை முதல் மூன்று ஆண்டு. நார்வேயில் இது 1970 வாக்கில் சிறு குடும்பத் தொழிலாகத் தொடங்கி, இன்று ஆண்டுக்கு 15 லட்சம் டன்னை ஒட்டி நிற்கிறது. குளிர்ந்த நீர், ஆக்சிஜன், கழிவைக் கொண்டுபோகும் நீரோட்டம் என எல்லாவற்றையும் கடல் தருகிறது. அதற்கு நீண்ட காலம் யாரும் விலை கொடுக்கவில்லை.

விலை வேறு வழியில் வந்தது. கூண்டில் மீன் நெருங்கியதும், மீனின் தோலில் ஒட்டி வாழும் கடல் பேன் பெருகியது. இன்று அங்கே சராசரியாக இரண்டு மீனுக்கு ஒரு பெண் பேன் என்பதுதான் பொது வரம்பு. அதைத் தாண்டினால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். சிலியில் 2007-ல் தொற்றுச் சோகை நோய் புகுந்தது. 2010-க்குள் அந்நாட்டின் அட்லாண்டிக் சால்மன் உற்பத்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2019 மே மாதம் வட நார்வேயில் பாசி பெருகி, சில நாட்களில் சுமார் 80 லட்சம் மீன்கள் மடிந்தன. அண்மை ஆண்டுகளில் நார்வேயின் கடல் கூண்டுகளில் இறப்பே ஆண்டுக்குச் சுமார் 16 விழுக்காடு.

அதனால் அரசு கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. 2017 முதல் கடற்கரையை 13 பகுதிகளாகப் பிரித்து, பேனால் இயற்கையில் வாழும் சால்மனுக்கு எவ்வளவு பாதிப்பு என்று பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிக்கிறார்கள். சிவப்புப் பகுதியில் உற்பத்தியைக் குறைத்தாக வேண்டும். ஒவ்வொரு தலைமுறை மீனுக்கும் இடையில் அந்த இடம் குறைந்தது இரண்டு மாதம் காலியாகக் கிடக்க வேண்டும். 2023-லிருந்து பொதுக் கடலைப் பயன்படுத்தி வரும் இலாபத்துக்கு 25 விழுக்காடு தனி வரியும் உண்டு.

தீவனக் கதை கொஞ்சம் நல்ல கதை. 1990-ல் நார்வே சால்மன் தீவனத்தில் 90 விழுக்காடு மீன்தூளும் மீன் எண்ணெயும் இருந்தன. இப்போது அது கால் பங்குக்கு அருகில் இறங்கிவிட்டது. மீதியைப் பெரும்பாலும் சோயா போன்ற பயிர்கள் நிரப்புகின்றன. ஒரு கிலோ மீனுக்கு 1.1 முதல் 1.3 கிலோ தீவனம் போதும், பல்லடம் கோழிப் பண்ணைக்காரர்கள் பொறாமைப்படும் அளவு. ஆனால் அந்தக் கால் பங்குக்கு இன்னும் பெரு நாட்டு நெத்திலி போன்ற கடல் மீன் வேண்டும். 2023-ல் பெரு அந்த நெத்திலிப் பிடிப்பின் முதல் பருவத்தையே ரத்து செய்தது. குட்டி மீன்கள்தான் அதிகம் இருந்தன என்பது காரணம்.

எல்லாம் கேட்டுவிட்டு மூத்தவர் சொன்னார்: "அங்க கடல் சும்மா செய்யற வேலைக்கு, இங்க நாம கரண்ட் பில் கட்டோணும். அவ்வளவுதானே தம்பி?" தம்பி ஆமாம் என்றார். எவ்வளவு பில் என்பதுதான் கேள்வி.

குளிரும் மின்சாரமும்

சால்மன் நன்றாக வளர 12 முதல் 14 டிகிரி நீர் வேண்டும். இவர்கள் போர் தண்ணீர் 27, 28 டிகிரி. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீன் நமக்குப் புதிதல்ல. நீலகிரி அவலாஞ்சியில் 1907 முதல் அதற்குப் பண்ணை இருக்கிறது. ஆனால் அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். ஆனைமலை அடிவாரத்தில் அந்தக் குளிரை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

மறுசுழற்சி முறையில் ஒரு கிலோ தீவனத்துக்கு 500 லிட்டர் புதுத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டோம். 100 டன் மீனுக்கு 110 டன் தீவனம், ஆக ஒரு நாளைக்கு 150 கன மீட்டர் தண்ணீர். ஒரு கன மீட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க 1.16 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பத்தை எடுக்க வேண்டும். 28-லிருந்து 13-க்கு இறக்க நாளொன்றுக்குச் சுமார் 2,600 யூனிட் வெப்பம். நல்ல குளிர்விப்பான் அதைச் சுமார் 650 யூனிட் மின்சாரத்தில் செய்யும். வெளியேறும் குளிர்ந்த நீரைக் கொண்டு உள்ளே வரும் நீரைக் குளிர்வித்தால் இதில் பாதிக்கு மேல் மிச்சம் என்றார் இளையவர். சரிதான், ஒத்துக்கொண்டேன்.

பம்பு, ஆக்சிஜன், வடிகட்டி, கொட்டகைக் கூரை வழியாக வரும் சித்திரை வெயில், இவை அதற்கு மேல். குளிர் நாடுகளிலேயே இந்த முறையில் ஒரு கிலோ மீனுக்கு ஐந்து யூனிட்டுக்குக் குறையாமல் ஆகிறது என்ற கணக்கில் ஆண்டுக்கு 5 லட்சம் யூனிட். யூனிட் ஏழு ரூபாய்க்கு மேல். இது மட்டும் என்றால் திட்டம் செத்துவிடாது, சால்மன் விலை தாங்கும்.

தாங்காதது வேறொன்று. தொட்டியில் கன மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் மீனை நெருக்கி வைத்தால்தான் கட்டடச் செலவு கட்டுப்படியாகும். அந்த நெருக்கத்தில் ஆக்சிஜன் நின்றால் சில நிமிடங்களில் மீன் சாகத் தொடங்கும். கடல் கூண்டில் நார்வே அனுமதிப்பதே 25 கிலோதான். அமெரிக்காவில் புளோரிடா வெயிலில் பெரும் முதலீட்டில் கட்டிய தரைவழிச் சால்மன் பண்ணை ஒன்று 2021 மார்ச்சில் சுமார் 500 டன் மீனை ஒரே நிகழ்வில் இழந்தது. மூன்று ஆண்டு வளர வேண்டிய மீன் ஒரே இரவில் போனால், இரண்டாவது முறை தொடங்கக் குடும்பத்திடம் பணம் இருக்குமா? மூத்தவர் இந்த இடத்தில் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

விலைப் பக்கமும் உறுதியில்லை. நார்வே உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு 2024 மார்ச்சில் இந்தியா கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தில் மீனுக்கான வரி படிப்படியாகக் குறையும். திட்டத்தின் இலாபத்தில் ஒரு பகுதி அந்த வரியை நம்பித்தான் நின்றது.

வெளியே வரும் தண்ணீர்

இது என் பகுதி. திட்டத்தை முடித்துவைத்ததும் இதுதான்.

110 டன் தீவனத்தில் சுமார் 40 விழுக்காடு புரதம். அதில் ஏழு டன் நைட்ரஜன். 100 டன் மீன் உடலில் தங்குவது 2.8 டன். மீதி 4.2 டன் தண்ணீரில் கலந்து வெளியே வரும். தென்னைக்குப் போட்டுவிடலாமே என்பதுதான் இளையவரின் யோசனை, நல்ல யோசனை. ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 560 கிராம் நைட்ரஜன் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. அப்படியானால் 7,500 மரம் வேண்டும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் நூறு ஏக்கருக்கு மேல். இருப்பது 18.

மிச்சம் எங்கே போகும்? நைட்ரேட்டாக மண்ணில் இறங்கி, கீழ்ப்பக்கத் தோட்டக் கிணற்றுக்குப் போகும். அல்லது ஓடை வழியாக ஆழியாற்றுக்கு.

உப்பு அதைவிடக் கஷ்டம். மீனைப் பெரிதாக்கும் கட்டத்தில் உப்பு கலந்த நீர் வைத்துக்கொள்வதாகத் திட்டத்தில் இருந்தது. நைட்ரஜனை மரம் எடுக்கும், காற்றாகப் பிரித்தும் விடலாம். உப்பை எதுவும் எடுக்காது. நொய்யலில் 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாமல் போனதற்குச் சாய ஆலைகளின் உப்புத் தண்ணீர்தான் காரணம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் வரை அது போய்க்கொண்டேதான் இருந்தது. அந்த அணைக்குக் கீழே உப்புப் பூத்துக் கிடந்த வயல்களை நான் பார்த்திருக்கிறேன். சுத்திகரித்துப் பிரித்த உப்பைக் கொட்ட இடமில்லாமல் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த நிலையை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக என் கையெழுத்து உதவக் கூடாது என்று அவர்களிடம் நேராகவே சொன்னேன்.

எடுத்த முடிவு

சால்மன் வேண்டாம் என்று முடிவானது. இளையவருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் கணக்கை மறுக்கவில்லை. மறுநாள் அவரே கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார்: தோப்பு எவ்வளவு கழிவை வாங்கும் என்று முதலில் பார்ப்போம், அதிலிருந்து எவ்வளவு மீன் என்று வருவோம்.

1,100 மரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 620 கிலோ நைட்ரஜன் வேண்டும். வெப்பநீர் மீனான கிஃப்ட் திலாப்பியா (வேகமாக வளரும்படி மேம்படுத்திய இனம்), நம் ஊர் வழக்கில் ஜிலேபி மீன், ஒரு டன் வளர ஒன்றரை டன் தீவனம் தின்று, 47 கிலோ போல நைட்ரஜனைத் தண்ணீரில் விடும். ஆக உச்ச வரம்பு 13 டன். பத்து டன்னில் நிற்பது என்று முடிவு செய்தார்கள்.

இந்த மீனுக்கு நம் போர் தண்ணீரின் சூடே பொருத்தம், உப்பு தேவையில்லை, தீவனத்தில் பெரும்பகுதி சோயா, புண்ணாக்கு, தவிடு. ஆறு, ஏழு மாதத்தில் அரைக் கிலோ வந்துவிடும், பணம் மூன்று ஆண்டு முடங்காது. அயல்நாட்டு இனம் என்பதால் மீன்வளத் துறையில் பதிவு செய்து, ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்கி, வெளியேறும் குழாய்களில் இரண்டடுக்கு வலை போட வேண்டியிருந்தது. அணைகளில் பழைய ஜிலேபி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்பதால் இதையும் விட்டுவிடலாம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை.

தலா அரை ஏக்கரில் இரண்டு குட்டை, தார்ப்பாய் விரித்து. சதுர மீட்டருக்கு மூன்று குஞ்சு. போர் தண்ணீர் முதலில் குட்டைக்கு வரும், அங்கிருந்துதான் தோப்புக்குப் போகும். தென்னைக்கு எப்படியும் தினம் 65 கன மீட்டர் ஓடுகிறது; அதே நீர் மீனைக் கடந்து போகிறது. கூடுதல் செலவு ஆவியாவது மட்டும், ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பில் நாளைக்கு 20 கன மீட்டர். வெட்டிய மரங்களுக்குப் பதில் புதுக் கன்று வைக்காததால் அதில் பாதி ஈடானது. மீதி பத்துக் கன மீட்டரை நிலத்தடியிலிருந்து கூடுதலாக எடுக்கிறார்கள். அதை நான் செலவுப் பக்கத்தில்தான் எழுதுவேன்.

தொடங்கும் முன் கீழ்ப்பக்கத் தோட்டத்துக் கிணற்று நீரைச் சோதித்து, அறிக்கையை அந்தத் தோட்டக்காரரிடமே கொடுத்தோம்.

முதல் சுற்று

ஆவணியில் குஞ்சு விட்டார்கள். ஐப்பசியில் மூன்று நாள் தொடர்ந்து வெயிலே இல்லை. பாசி பச்சையாகத் தடித்திருந்த ஒரு குட்டையில், மூன்றாம் நாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே. நீரில் காற்றைக் கலக்கும் காற்றாடிகள் இருந்தும், மின்செலவைக் குறைக்க நள்ளிரவுக்குப் பின் நிறுத்தி வைத்திருந்தார்கள். 6,000 மீனில் 1,700 போல செத்தன. பெரியவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. செத்த மீனை ஆற்றில் போடாமல் குழி வெட்டித் தென்னை மட்டையோடு புதைக்கச் சொன்னார்.

அதன்பின் ஏற்பாடு மாறியது. இரவு 11 முதல் காலை 7 வரை காற்றாடி நிற்காது. மூடாப்பு நாளில் தீவனம் பாதி, அல்லது இல்லவே இல்லை. வெள்ளைத் தட்டை நீரில் இறக்கி, எவ்வளவு ஆழம் வரை தெரிகிறது என்று தினமும் பார்க்கிறார்கள். ஒரு சாணுக்குக் கீழே போனால் பாசி அதிகம், நீரைக் கூடுதலாகத் தோப்புக்கு விட வேண்டும். ஆக்சிஜன் இறங்கினால் கைப்பேசிக்கு அழைப்பு வரும்படி இளையவர் ஒரு கருவி செய்தார். நார்வேயில் கற்ற வேலை அங்கே பயன்பட்டது.

பாசியால் சொட்டுநீர்த் துளைகள் அடைத்துக்கொண்டதும் இந்தச் சுற்றில்தான். மணல் வடிகட்டி வைத்தும் போதவில்லை. கடைசியில் சொட்டுநீரை விட்டுவிட்டு, வட்டப்பாத்திக்குக் குழாய் வழியே நேராக விட்டார்கள்.

விற்பனையும் இடித்தது. கோவை உக்கடம் மொத்த வியாபாரி அணை ஜிலேபியின் விலையைத்தான் சொன்னார். வாங்கிய சிலர் சேற்று வாடை என்றார்கள். தொட்டியில் வளரும் சால்மனுக்கும் இதே பிரச்சினை உண்டு. அங்கே செய்வதுபோலவே, பிடித்த மீனைத் தீவனம் இல்லாமல் சுத்தமான நீரில் மூன்று நாள் வைத்தார்கள். வாடை போனது.

இரண்டாம் சுற்றும் கணக்கும்

மொத்த வியாபாரிக்குப் பாதி, ஞாயிறு, புதன் கிழமைகளில் தோட்டத்திலேயே உயிர் மீனாகப் பாதி. இப்படி விற்றதில் சராசரி கிலோவுக்கு 135 ரூபாய் கிடைத்தது. ஆன செலவு 96. அதில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம். இரண்டாம் சுற்று தொடங்கியதிலிருந்து ஓராண்டில் 9 டன் விற்று, மூன்றரை லட்சம் போல மிஞ்சியது. போட்ட முதல் 21 லட்சம். இதே வேகத்தில் போனால் தார்ப்பாயை மாற்ற வேண்டிய காலத்தை ஒட்டித்தான் முதல் திரும்பும். பெரிய இலாபம் என்று சொல்ல மாட்டேன்.

யூரியாவை முழுக்க நிறுத்திவிட்டார்கள். மரத்துக்கு 1.3 கிலோ வீதம் 32 மூட்டை மிச்சம். ரூபாயில் பார்த்தால் எட்டரை ஆயிரம்தான். யூரியா மூட்டை மானிய விலையில் 266 ரூபாய் 50 பைசா. கழிவைத் திரும்பப் பயன்படுத்துகிறவருக்குச் சந்தை தருவது இவ்வளவே என்பது எனக்கு உறுத்தலான விஷயம். நைட்ரஜனைக் கிணற்றுக்கு விடாமல் காத்ததற்கு விலை எங்கும் எழுதப்படவில்லை. பொட்டாஷை இன்னும் வாங்கித்தான் போடுகிறார்கள், மீன் தண்ணீர் அந்தத் தேவையைத் தீர்க்காது.

கீழ்ப்பக்கக் கிணற்றில் இதுவரை நைட்ரேட் கூடவில்லை. இதை வைத்து உறுதி சொல்ல முடியாது. நிலத்தடி நீர் மெதுவாகத்தான் நகரும். ஆறு மாதத்துக்கு ஒரு சோதனை தொடர்கிறது.

அடுத்தவர் செய்தால் மாற்ற வேண்டியவை

ஒரு குட்டையோடு தொடங்கியிருக்கலாம். ஐப்பசி இழப்பின் பாடம் பாதிச் செலவில் கிடைத்திருக்கும். விற்கும் இடத்தைக் குஞ்சு விடும் முன்பே பேசியிருக்க வேண்டும். முதல் சுற்றில் மீன் எடை வந்தபின் வாங்குபவரைத் தேடினார்கள், விலையை அவர்தான் வைத்தார். ஜெனரேட்டர் முதல் நாளிலிருந்தே வேண்டும். கிணற்றுச் சோதனை ஒன்றோடு நிறுத்தாமல், மேல்பக்கம் ஒன்றும் கீழ்ப்பக்கம் இரண்டும் இருந்தால்தான் பின்னால் ஏதாவது கூடினாலும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியும். ஆவியாதலைக் குறைக்கக் குட்டையின் ஒரு பகுதி மேல் சூரியத் தகடு போடும் யோசனை இருக்கிறது. காற்றாடி மின்சாரத்துக்கும் உதவும், ஆனால் நிழலில் ஆக்சிஜன் எப்படி மாறும் என்று ஒரு குட்டையில் பார்த்தபின்தான்.

இளையவருக்கு மூன்றாவது குட்டை வெட்ட ஆசை. இருக்கிற தோப்பின் வரம்பு அதற்கு இடம் தராது. கீழ்ப்பக்கத் தோட்டக்காரரிடம் ஏழு ஏக்கர் தென்னை இருக்கிறது. குழாய்ச் செலவு இவர்களுடையது, தண்ணீர் அவருக்கு இலவசம், கிணற்றுச் சோதனை அறிக்கை ஒவ்வொரு முறையும் அவர் கைக்குப் போக வேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. அவர் ஒரு கோடைப் பருவம் தன் தோப்பில் ஒரு ஏக்கருக்கு மட்டும் விட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் பதில் வரும் வரை குழி வெட்டுவதில்லை என்று இருக்கிறார்கள்.